கரட்டின் மேற்குப் பக்கம்

"எல்லா அளவும் சரியா இருக்கு, டீச்சர். ஒரு சென்டிமீட்டர் பிசகு கிடையாது. அப்புறம் ஏன் பொம்மை மாதிரி இருக்கு?"

தவசிலிங்கம் தன் ஆசிரியையிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. ஆசிரியைக்கு இருபத்தொன்பது. பெயர் ரிஸ்வானா. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில், சினிமாப் படங்களுக்காகக் காடும் மலையும் கடலும் கம்ப்யூட்டரில் செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு மணி நேரம் திரை வழியாகச் சொல்லிக்கொடுப்பாள். தவசிலிங்கம் மதுரையில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார்.

"டீச்சர்னு கூப்பிடாதீங்க சார், கூச்சமா இருக்கு" என்று அவள் முதல் நாளே சொன்னாள்.

"கத்துக்கிட வந்திருக்கேன். வேற எப்படிக் கூப்பிடுறது?" என்றார் அவர்.

திரையில் இருந்தது ஒரு குன்று. கூகைக் கரடு என்று பெயர். கூகைப்பட்டி என்ற சிற்றூரை ஒட்டி நின்ற பாறைக் கரடு அது. இப்போது இல்லை. கிரானைட் குவாரி பதினெட்டு வருடத்தில் அதை முழுதாக அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. தவசிலிங்கம் அந்தக் குவாரியின் சர்வேயர். முதல் வெடி வைப்பதற்கு முன்னால் கரட்டை அளந்தவர் அவர்தான்.

குவாரி மூடிய பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. பழைய அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு கரட்டைக் கம்ப்யூட்டரில் திரும்ப எழுப்பத் தொடங்கினார். பொழுதுபோக்கு என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். மகள் திருப்பூரிலிருந்து நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி அனுப்பினாள்.

ரிஸ்வானா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க மொட்டைமாடியில இருந்து ஏதாவது மலை தெரியுமா சார்?"

"யானைமலை தெரியும்."

"என்ன நிறம்?"

"பாறை நிறம். செம்மண் கலந்த பழுப்பு."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

"இப்பவா?"

"நான் அதுக்குள்ள இட்லி சாப்பிட்டுடுவேன்."

தவசிலிங்கம் மாடிக்குப் போனார். துவைத்த துணிகளை ஒதுக்கிக்கொண்டு வடகிழக்கே பார்த்தார். யானைமலை நீலமாக இருந்தது. பழுப்பு மருந்துக்குக்கூட இல்லை. இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தினமும் பார்க்கிற மலை. மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"நீலம்" என்றார்.

"எதோட நீலம்?"

"மலையோட."

"மலை பழுப்புன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

அவர் யோசித்தார். "நடுவுல இருக்கிற காத்தோட நீலம்."

"உங்க படத்துல காத்தே இல்ல" என்றாள் ரிஸ்வானா.

அந்த வாரம் முழுக்கத் தவசிலிங்கம் காற்றைச் சேர்த்தார். அருகே தெளிவாகவும் தூரப் போகப்போக வெளிறியும் தெரியும்படி லேசான தூசிப் படலம் வைத்தார். நிழலில் இருந்த கறுப்பை எடுத்துவிட்டு வானத்தின் நிறத்தில் துளி கலந்தார். கரடு ஓரடி பின்னால் தள்ளி நின்றதுபோல் இருந்தது. ஆனாலும் பொம்மைதான்.

அடுத்த ஞாயிறு ரிஸ்வானா ஒரு புதரின் மேல் அம்புக்குறியை வைத்தாள்.

"இந்தப் புதர் ஏன் சார் இங்க இருக்கு?"

"சாஃப்ட்வேர் போட்டது. மூவாயிரம் புதர் தூவுன்னு சொன்னேன். தூவிருச்சு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். எப்போதும் கொஞ்சம் கம்மின குரல் அவளுக்கு.

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தெருச் சுவர் செய்யச் சொன்னாங்க. அழகா செஞ்சேன். காரை பேந்தது, பாசி, போஸ்டர் கிழிசல், எல்லாம். எங்க சீஃப் பாத்துட்டு, 'இதுல யாரு சாஞ்சாங்க?'ன்னு கேட்டார். எனக்குப் புரியல. மறுநாள் பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது பின்னாடி திரும்பிப் பாத்தேன். சுவத்துல தோள் உயரத்துல மட்டும் ஒரு பட்டை கறுத்துப்போய் இருந்துச்சு. வருஷக்கணக்கா ஜனங்க சாஞ்சு சாஞ்சு."

"அப்புறம் அந்தக் கறைய வச்சீங்களா?"

"சுவரையே அழிச்சேன். முதல்ல பஸ் ஸ்டாப் எங்கன்னு முடிவு பண்ணினேன்."

தவசிலிங்கம் மூவாயிரம் புதர்களையும் அழித்தார். தண்ணீரில் தொடங்கினார். மழை பெய்தால் எந்தச் சரிவில் ஓடும், எங்கே தங்கும், எங்கே மண் சேரும். மண் சேர்ந்த இடத்தில் மட்டும் புல் வைத்தார். புல் இருந்த இடத்துக்கு ஆடு வரும் என்று தோன்றியது. ஆடு கடிக்காத முள் மட்டும் மிஞ்சும் என்றும் தோன்றியது. ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் அவர் சாப்பாட்டு நேரம் தவறியதற்குக் கணக்கில்லை.

முடித்த பிறகு மனைவியைக் கூப்பிட்டார். செல்லாயி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

செல்லாயிக்குச் சொந்த ஊர் கூகைப்பட்டி.

"எப்படி இருக்கு?" என்றார்.

"கரடு மாதிரி இருக்கு."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா மாதிரிதான்."

அடுக்களையில் குக்கர் கூவியது. அவள் போய்விட்டாள்.

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் கரட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை. வெடி வைத்த நாட்களில் சொல்லவில்லை. ஊர்க் கிணறுகள் வற்றி அவள் தம்பி நத்தத்துக்குக் குடிபெயர்ந்தபோது சொல்லவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன் அவள் அப்பா செத்த பிறகு அந்த ஊர்ப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த வாய்க்குள்ளிருந்து "இதுதான் கரடு" என்று ஒரு சொல் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பொழுதுபோக்கு முழுவதும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆசிரியையிடமும்.

அந்த ஞாயிறு ரிஸ்வானா கேட்டாள், "இத யாரு பாக்குறா சார்?"

"யாரும் இல்ல. கேமரா பாக்குது."

"கேமரா எங்க நிக்குது?"

"நான் மொத மொதல்ல கருவிய நிறுத்தின இடம். கிழக்க, ரோட்டுப் பக்கம்."

"அங்க வீடு ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல. ஊர் மேற்க இருந்துச்சு."

"அவங்க அந்தக் கரட்ட எந்தப் பக்கமிருந்து பாத்தாங்க?"

தவசிலிங்கம் கேமராவை நகர்த்தினார். கரட்டைச் சுற்றிக்கொண்டு மேற்கே கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பக்கத்தில் பாறை இல்லை, விரிசல் இல்லை. பிசைந்து வைத்த மாவை விரலால் தடவிவிட்டதுபோல் வழவழவென்று ஒரு சரிவு.

"இந்தப் பக்கம் அளக்கலையா?"

"மொதல்ல கிழக்குப் பக்கத்துக்குத்தான் லீசு. மேற்க பத்துப் பதினஞ்சு புள்ளி போதும்னாங்க. அப்புறம் நான் மேற்க வந்து சரியா அளக்குறப்போ அந்தப் பக்கத்துப் பாறை மொகம் ஏற்கெனவே வெடியில போயிருந்துச்சு."

"அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

அடுக்களையில் செல்லாயி பாத்திரம் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"இருக்காங்க" என்றார்.

மறுநாள் காலை செல்லாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தானும் நாலு காம்பை எடுத்து உருவினார்.

"உங்க வீட்டு வாசல்ல இருந்து பாத்தா கரடு எப்படித் தெரியும்?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எதுக்கு?"

"படத்துக்கு."

கொஞ்ச நேரம் கீரை மட்டும் உதிர்ந்தது. பிறகு செல்லாயி இடது கையை முழங்கையிலிருந்து சாய்த்துப் பிடித்தாள்.

"இப்படி ஏறும். இந்தா, இங்கன ஒரு மடிப்பு. மேல போகப்போக இன்னொரு மடிப்பு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வெடிப்பு. அதுல தேனீ கூடு கட்டும்."

"எவ்வளவு அகலம்?"

"ஒரு ஆள் ஒருச்சாஞ்சு நுழையலாம்."

அவர் எழுதிக்கொண்டார். மாலையில் செய்து காட்டினார். அவள் திரையில் விரலை வைத்து அழுத்தி, "இம்புட்டுப் பெருசு இல்ல" என்றாள்.

அப்படித் தொடங்கியது. முதலில் அவர் கேட்டால் மட்டும் சொன்னாள். பத்து நாள் போனதும் அவளாகவே வந்தாள். "நேத்து சொன்னது தப்பு. சீத்தாப்பழச் செடி இன்னும் கீழ. அப்பதான் எங்களுக்கு எட்டும்" என்பாள். மழை விட்டு மூன்று நாளானாலும் ஈரம் காயாமல் பாறையில் கறுப்பாக இறங்கும் வரிகளைச் சொன்னாள். கேழ்வரகு காயவைக்கும் சப்பைப் பாறையைச் சொன்னாள். அதில் ஒரு ஓரம் மட்டும் வழுக்கும், அங்கே விழுந்துதான் தனக்குப் புருவத்தில் தழும்பு என்றாள். அந்தத் தழும்பு அவருக்குத் தெரியும். எப்படி வந்தது என்று அவர் கேட்டதே இல்லை.

"கூகைக் கரடுன்னாங்களே, கூகை ஆந்தை நிஜமாவே இருந்துச்சா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு இருந்துச்சு. நீங்க வெடி வச்ச மொத வாரமே போயிருச்சு."

அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. மழை நேற்றே நின்றுவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். தவசிலிங்கம் குனிந்து எதையோ எழுதினார்.

ஆனாலும் அவை நல்ல நாட்கள். காலையில் இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டு செல்லாயி முன்னறைக்கே வந்துவிடுவாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொள்வாள். ஒருமுறை அவர் ஆட்டுத் தடத்தைக் கோணலாகப் போட்டுவிட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்து, "இந்த வழியா உங்க ஆடு மட்டுந்தான் போகும்" என்றாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவர் எண்ணிப் பார்த்தார். எண்ண முடியவில்லை.

மேற்கு முகம் முடிந்தது. ரிஸ்வானாவிடம் காட்டினார்.

"எவ்வளவு உயரம் சார் இந்தக் கரடு?"

"எரநூத்திப் பன்னெண்டு அடி."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியல. முழங்கால் உயரக் கல்லுன்னு சொன்னாலும் நம்பிடுவேன்."

"என்ன செய்யணும்?"

"ஒரு ஆள நிறுத்துங்க."

"நான் போட்ட எந்த வரைபடத்துலயும் ஆள் வந்ததில்ல, டீச்சர்."

"தெரியுது" என்றாள் அவள்.

பக்கத்தில் இருந்த செல்லாயி மெதுவாகச் சொன்னாள், "எங்க அப்பாவ நிறுத்துங்க."

செல்லாயியின் அப்பா ஆண்டியப்பன். தவசிலிங்கம் முப்பது வயதில், கல்யாணமாகாதவராக, அளவைக் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூகைப்பட்டிக்கு வந்தபோது அவருக்கு உதவிக்குச் சேர்ந்தவர். உச்சியில் கண்ணாடி பொருத்திய நீண்ட கோலை எடுத்துக்கொண்டு, தவசிலிங்கம் கை காட்டுகிற இடத்தில் எல்லாம் ஏறிப் போய் நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். கருவி அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தூரத்தைச் சொல்லும். கரட்டின் ஒவ்வொரு அளவும் ஆண்டியப்பன் நின்ற இடம்தான். இருபத்தேழு நாள் அளந்தார்கள். மதியத்தில் ஆண்டியப்பன் வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழ் வரும். கொண்டுவருவது செல்லாயி.

அதற்கடுத்த மாதம் ஊராட்சிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. சிலர் கலங்கிப்போய் ஆண்டியப்பனிடம் வந்தார்கள். "சர்வேயர் தம்பிகிட்டக் கேட்டுட்டேன். மேப்புப் போடத்தானாம். கரட்ட யாரும் ஒண்ணும் செய்யப்போறதில்ல" என்றார் அவர். முப்பது நாள் கடந்துபோனது.

தவசிலிங்கத்துக்கும் செல்லாயிக்கும் கல்யாணமாகி எட்டாவது மாதம் முதல் வெடி வெடித்தது. ஊர்க்காரர்கள் ஆண்டியப்பனுக்குக் "கோல் பிடிச்ச ஆண்டி" என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். சாகும்வரை அந்தப் பெயர்தான்.

தவசிலிங்கம் மாமனாரைச் செய்தார். ஐந்தடி நான்கு அங்குலம். தலையில் துண்டு. கையில் கோல். சப்பைப் பாறைக்கு மேலே, ஆட்டுத் தடம் திரும்புகிற இடத்தில் நிறுத்தினார். நிறுத்திய மாத்திரத்தில் கரடு உயர்ந்தது. பாறை பாறையாயிற்று, புதர் புதராயிற்று.

செல்லாயி நெடுநேரம் பார்த்தாள்.

"எதுக்கு அளக்குறாங்கன்னு அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"உங்களுக்கு?"

தவசிலிங்கத்தின் விரல் மவுஸின் சக்கரத்தை உருட்டியது. படம் கிட்டே வந்தது, தள்ளிப் போனது.

"எனக்கும் அப்போ தெரியாது" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் செல்லாயி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது கரடுதான்" என்றாள்.

ஆறு மாதமாக அவர் காத்திருந்த சொல் அது. காதில் விழுந்தது. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிறு வந்தது. செல்லாயி காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள்.

"டீச்சர், வீட்டுல பாத்துட்டுக் கரடுதான்னு சொல்லிட்டா."

"சந்தோஷம் சார்."

"எனக்குப் பொய்யாத் தெரியுது. முன்னைக்கு இப்பதான் ரொம்பப் பொய்யாத் தெரியுது. எங்க தப்புன்னு பிடிபடல."

ரிஸ்வானா படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். "எனக்கும் தெரியல" என்றாள். "கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒவ்வொண்ணா அணைங்க. எதை அணைச்சா பொய் போகுதோ, அங்கதான் தப்பு."

"சரி."

"காத்த அணைங்க."

அணைத்தார்.

"இன்னும் பொய்யா இருக்கா?"

"இருக்கு."

"புல்லு, புதர், மரம்."

அணைத்தார். கரடு மொட்டையாக நின்றது.

"இருக்கா?"

"இருக்கு."

"ஈர வரி, விரிசல், நிறம்."

"இருக்கு, டீச்சர்."

"வானம்."

வானம் போனது. வெறும் வெள்ளை.

"கரட்ட அணைங்க சார்."

அவர் தயங்கினார். பிறகு அணைத்தார். ஆறு மாத வேலை ஒரு சொடுக்கில் மறைந்தது. வெள்ளைத் திரையின் நடுவில், நிற்கத் தரை இல்லாமல், ஆண்டியப்பன் மட்டும் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்போ?"

தவசிலிங்கம் மவுஸைத் தள்ளி வைத்தார்.

"இப்போ சார்?"

"இருக்கு."

ரிஸ்வானா காத்திருந்தாள். அவள் பக்கம் ஃபேன் சுற்றும் ஒலி மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியும்" என்றார் தவசிலிங்கம். "மொத நாளே தெரியும். எத்தனை கன மீட்டர் தேறும்னு சொல்லுன்னுதான் என்னைய அனுப்புனாங்க. லீசு வரைபடம் என் பைக்குள்ளேயே இருந்துச்சு. அவரு, தம்பி எதுக்கு அளக்குறோம்னு கேட்டாரு. கூழக் குடிச்சுக்கிட்டே, மேப்புக்குன்னு சொன்னேன். அத அவரு ஊருக்கே சொல்லிட்டாரு."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது. இந்த வாரங்கூடக் கேட்டா. தெரியாதுன்னுட்டேன்."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"நேரம் ஆயிடுச்சு சார்."

"அடுத்த வாரத்துக்கு என்ன செய்யணும், டீச்சர்?"

"நான் ஒண்ணும் கொடுக்கல."

திரை அணைந்தது. செல்லாயி இரண்டு பையோடு படியேறி வந்தாள். கத்திரிக்காய் நல்லதாகக் கிடைத்தது என்றாள். தவசிலிங்கம் பைகளை வாங்கிக் கீழே வைத்தார். அவளை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் குறுக்கே பேசவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அப்பா சாகுறப்போ நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமா."

"நான் சொன்னது பொய்யாப் போச்சேன்னு உங்க கையப் பிடிச்சுத்தான அழுதாரு?"

"ஆமா."

"அப்பக்கூடச் சொல்லலையா?"

கத்திரிக்காய்கள் பையிலிருந்து சரிந்து சுவரோரம் உருண்டுபோயிருந்தன. செல்லாயி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். அன்று சமைத்தாள். பரிமாறினாள். மறுநாள் காலை, நத்தத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏறினாள். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார்.

ஒரு மாதம் போனது. ஒரே ஒரு முறை அவளிடமிருந்து போன் வந்தது. "ரேஷன் கார்டு பீரோவுல மேல் தட்டுல சேலைக்கு அடியில இருக்கு. இந்த மாசம் சாமான் வாங்கிருங்க." அவர் "செல்லாயி" என்று தொடங்குவதற்குள் வைத்துவிட்டாள். மகள் இரண்டு முறை பேசினாள். அம்மா ஒன்றும் சொல்லமாட்டேன்கிறாள், நீங்களாவது சொல்லுங்கள் என்றாள். அவர் ஒன்றுமில்லை என்றார். அப்படிச் சொல்லி போனை வைத்த பிறகு, இதுவும் ஒரு பொய்யாகச் சேர்ந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

தானே சமைத்தார். பாதி நாள் பழைய சோறு. கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. முன்னறையில் அவள் இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி அப்படியே கிடந்தது. அதைத் தள்ளி வைக்க மனம் வரவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, ரிஸ்வானாவைக் கூப்பிட்டார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"இருக்கேன்."

"வீட்டம்மா?"

"போயிட்டா. தம்பி வீட்டுல இருக்கா. சொல்லிட்டேன், அதனால."

அவள் தலையசைத்தாள். "படத்தத் திறங்க" என்றாள்.

அவர் திறந்தார். அணைத்த ஒவ்வொன்றையும் திரும்ப ஏற்றினார். கரடு வந்தது. வானம் வந்தது. ஈர வரிகள் கறுப்பாக இறங்கின. புல் முளைத்தது. வெளிறிய காற்று வந்து எல்லாவற்றையும் மூடியது. ஆட்டுத் தடம் திரும்புகிற இடத்தில் ஆண்டியப்பன் கோலோடு நின்றார்.

"நல்லா இருக்கு சார்" என்றாள் ரிஸ்வானா. "எங்க ஸ்டுடியோவுல இந்த அளவுக்குச் செய்யிறவங்க ரெண்டு பேர்கூட இல்ல."

தவசிலிங்கத்தின் முகம் மாறவில்லை.

"இன்னும் நிஜமா வேணும், டீச்சர். நத்தத்துக்கு எடுத்துட்டுப் போய் அவகிட்டக் காட்டணும். பாத்த ஒடனே அவளுக்கு, இந்த மனுஷன் எதையும் மறைக்கலன்னு தோணணும். அந்த அளவுக்கு நிஜமா ஆகணும். நீங்க என்ன சொன்னாலும் செய்யிறேன். எத்தன மாசம் ஆனாலும் சரி."

"அந்த இடத்துல இப்போ என்ன இருக்கு சார்?"

"எந்த இடத்துல?"

"கரடு இருந்த இடத்துல."

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார், "ஒண்ணும் இல்ல. பள்ளம்."

"எவ்வளவு பெருசு?"

"கரட்ட விடப் பெருசு. தரைமட்டத்துக்கு வந்த பொறகும் வெட்டுனாங்க. கீழ கல்லு இன்னும் நல்லா இருந்துச்சு. படிப்படியா செங்குத்தா எறங்கும்."

"உள்ள?"

"தண்ணி கெடக்கு. பச்சையா. யாரும் எறங்க மாட்டாங்க."

"அத யாரு அளந்தது?"

தவசிலிங்கம் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நான்தான்" என்றார். "மாசா மாசம். மூடுற வரைக்கும்."

ரிஸ்வானா தன் திரையில் கரட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். வெறும் பக்கம் ஒன்று திறந்தது.

"அந்த அளவத் திறங்க சார்" என்றாள்.